நன்னாரி சர்பத்: வேரின் மணம் குறையாமல் பாகு எடுக்கும் முறை

நன்னாரி வேரைத் திறந்த பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தால் வீடு முழுவதும் மணக்கும். பாகு மட்டும் மணக்காது. முதன்முறை நான் பாகு காய்ச்சியபோது நேர்ந்தது இதுதான். அரை லிட்டர் நீர் கால் லிட்டராகச் சுண்ட வேண்டும் என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பி, அடுப்பைக் கூட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பக்கத்து வீட்டார் வந்து, என்ன மணக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அந்தப் பாகில் எலுமிச்சை பிழிந்து குடித்தபோது, பழுப்பு நிறமும் இலேசான துவர்ப்பும் தெரிந்தனவே தவிர, நன்னாரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இங்கே விவரிக்கப்படும் முறை அந்தத் தவற்றைத் திருத்திக்கொண்டதில் உருவானது. வேரையும் கொதிக்க விடக் கூடாது, வேரின் சாறு சேர்ந்த பிறகு சர்க்கரையையும் கொதிக்க விடக் கூடாது என்பதே இதன் அடிப்படை. மற்றவை எல்லாம் அதைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுகள்.

நன்னாரியின் மணத்துக்கு முதன்மைக் காரணம் 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சிபென்சால்டிஹைடு என்னும் பொருள். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பொருள் நமக்கு நெருங்கியதுதான், ஏனெனில் இது வெனிலாவின் மணப்பொருளான வெனிலினுக்கு மாற்றியம். இரண்டிலும் அதே அணுக்கள் அதே எண்ணிக்கையில் இருக்க, அவை இணைந்திருக்கும் இடங்கள் மட்டும் மாறியிருக்கின்றன. நன்னாரியை முதன்முறை முகர்பவர்கள் வெனிலாவையும் ஈர மண்ணையும் சேர்த்து நினைத்துக்கொள்வதில் வியப்பில்லை. இந்தப் பொருள் நீராவியோடு சேர்ந்து எளிதாக வெளியேறிவிடும் இயல்புடையது. ஆய்வகங்களில் வேரின் தைலத்தைப் பிரித்தெடுப்பதே நீராவியில் வடித்துத்தான். ஆகவே திறந்த பாத்திரத்தில் வேரைக் காய்ச்சுகிறவர், தாம் அறியாமலேயே தைலத்தை வடித்துக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறார். அப்படிக் காய்ச்சியும் நல்ல மணத்தோடு பாகு எடுக்கும் வீடுகள் உண்டு. அங்கே வேரை அள்ளிப் போடுவார்கள், அல்லது பாத்திரத்தை மூடி வைத்திருப்பார்கள்.

இந்த உண்மையை வேதியியல் பெயர் தெரியாத காலத்திலேயே மருந்து தயாரிப்பவர்கள் அறிந்திருந்தார்கள். 1864-இல் வெளிவந்த முதல் பிரிட்டிஷ் பார்மகோபியாவில், அதாவது அந்நாட்டு மருந்துகளுக்கான அதிகாரபூர்வத் தொகுப்பில், நன்னாரி வேர் இடம்பெற்றது. மத்திய அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த சார்ஸபரில்லா வேருக்கு மாற்றாக இது கருதப்பட்டதால், தாவரவியலில் இரண்டுக்கும் உறவே இல்லாதபோதும், 'இந்தியச் சார்ஸபரில்லா' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. அந்தத் தொகுப்பின் 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளில் நன்னாரிப் பாகுக்குத் தரப்பட்ட முறை மிகச் சுருக்கமானது: நசுக்கிய வேர் 4 அவுன்ஸ், தூய சர்க்கரை 28 அவுன்ஸ், கொதிநீர் 1 பைண்ட் (20 அவுன்ஸ்), வேரை மூடிய பாத்திரத்தில் கொதிநீர் ஊற்றி 4 மணி நேரம் ஊற வைத்து வடிகட்ட வேண்டும், வண்டல் படியும்வரை வைத்திருந்து மேலே நிற்கும் தெளிவை இறுத்தெடுக்க வேண்டும், பிறகு சர்க்கரையைச் சேர்த்து இளஞ்சூட்டில் கரைக்க வேண்டும். முடிவில் பாகின் எடை 2 பவுண்டு 10 அவுன்ஸ் இருக்க வேண்டும் என்றும் அதில் குறிப்பிடப்பட்டிருக்கிறது. பவுண்டுக்கு 16 அவுன்ஸ் என்ற கணக்கில் இது 42 அவுன்ஸ். அதில் 28 சர்க்கரை. எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையாக இருக்கும் பாகில் நுண்ணுயிர்கள் பெருகுவது கடினம் என்பதால், வேறு எந்தப் பதப்படுத்தும் பொருளும் இல்லாமலேயே அது நெடுநாள் நிற்கும். 'மூடிய பாத்திரம்', 'இளஞ்சூடு' என்ற இரண்டு சொற்களைத்தான் நான் முதல்முறை தவறவிட்டிருந்தேன்.

நன்னாரி நமக்கு மட்டும் உரியது என்று உரிமை கொண்டாட முடியாத செடி. மலையாளத்தில் நறுநீண்டி, தெலுங்கில் சுகந்திபாலா, சிங்களத்தில் இரமுசு, வடமொழியில் சாரிவா என்றும் அனந்தமூலம் என்றும் பல பெயர்களில் இந்தியத் தீபகற்பம் முழுவதிலும் இலங்கையிலும் அது வழங்குகிறது. சர்பத் என்ற சொல்லோ, குடித்தலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. வேர் இந்த மண்ணிலும் பெயர் வெளியிலுமாக அமைந்த இந்தப் பானம், தென்மாவட்டங்களின் சர்பத் கடைகளில் எலுமிச்சையோடும், மதுரையில் ஜிகர்தண்டாவுக்குள் பாலோடும், கேரளத்தில் பச்சை மிளகாய் போட்டுக் குலுக்கிய குலுக்கி சர்பத்திலும் வெவ்வேறு வடிவம் எடுக்கிறது. பாகு ஒன்று கையில் இருந்தால் இவை அனைத்தையும் வீட்டிலேயே கலந்துகொள்ளலாம்.

வேரை வாங்குவதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி என்று கேட்டால், பெரும்பாலும் பென்சில் கனத்துக்கும் குறைவான, வளைந்து நெளிந்த, கரும்பழுப்பு நிற வேர்களை எடுத்துத் தருவார்கள். நல்ல வேரின் பட்டையில் நீளவாக்கில் வரிகளும் குறுக்கே வளையம் வளையமாக வெடிப்புகளும் இருக்கும். ஒடித்தால் பட்டை ஒரு பக்கம் கழன்று, நடுவில் மஞ்சள் கலந்த வெண்ணிறத் தண்டு குச்சிபோல் தெரியும். நிறத்தையும் கனத்தையும் விட மூக்கே இங்கு சரியான நீதிபதி. ஒரு வேரை எடுத்து நகத்தால் பட்டையைச் சுரண்டி முகர்ந்து பார்க்க வேண்டும். மணம் உடனே எழவில்லை என்றால் அந்தச் சரக்கு ஓராண்டுக்கு மேல் சாக்கில் கிடந்தது என்று கொள்ளலாம், அதை எவ்வளவு போட்டாலும் பாகு மணக்காது. கடைக்காரர் முன்பாக முகர்ந்து பார்ப்பதில் தயக்கம் வேண்டியதில்லை. வேர் வாங்கத் தெரிந்தவர் என்று அவரே மதித்து, உள்ளே இருக்கும் புதுச் சரக்கை எடுத்து வருவதும் உண்டு. பொடியாக விற்பதை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் இடித்த நாளிலிருந்தே மணம் போகத் தொடங்கிவிடும், பொடிக்குள் என்ன சேர்ந்திருக்கிறது என்பதும் தெரியாது.

சில கடைகளில் நன்னாரி என்ற பெயரில் விரல் கனத்துக்கு மேற்பட்ட, சதைப்பற்றான, வெளிர் நிற வேர்த் துண்டுகளைத் தருவார்கள். அது மாகாளிக் கிழங்கு. அதிலும் முன்னே சொன்ன அதே மணப்பொருள்தான் இருக்கிறது, ஆகவே மூக்கு எளிதில் ஏமாறும்; அதன் மணம் இன்னும் காரமாகவும் அழுத்தமாகவும் இருப்பது பழகியவருக்குத் தெரியும். மோரில் ஊறும் மாகாளி ஊறுகாயின் மணத்தை அறிந்தவர்கள் ஒருமுறை முகர்ந்ததுமே சொல்லிவிடுவார்கள். அதிலிருந்தும் பாகு எடுக்கலாம், ஆந்திரத்தில் எடுக்கிறார்கள். ஆனால் தென்னிந்தியக் குன்றுகளில் மட்டுமே வளரும் மாகாளி, கிழங்குக்காகச் செடியோடு தோண்டப்பட்டு, இன்று அழியும் நிலையிலுள்ள இனங்களின் உலகப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. கேட்டு வாங்கும்போதே சிறு வேராகக் கேட்பது நல்லது.

தோட்டத்திலோ வேலியோரத்திலோ நன்னாரிக் கொடி இருக்கிறவர்கள் அதை அடையாளம் காண்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே கொடியில் புல்லைப்போல் குறுகிய இலையும் அகன்ற இலையும் காணப்படும். எதிரெதிராக அமைந்த இலைகள், அவற்றின் மேற்புறத்தில் நடுநரம்பை ஒட்டி ஓடும் வெண்கோடு, கிள்ளினால் கசியும் பால், இவற்றோடு வேரின் மணமும் சேர்ந்தால்தான் அது நன்னாரி. பால் கசியும் கொடிகளில் நச்சுள்ளவையும் இருப்பதால், வேரை முகர்ந்து ஐயமற உறுதி செய்துகொள்ளாமல் எதையும் ஊற வைக்கக் கூடாது.

இனி அளவுகள். மேலே சொன்ன பழைய அளவுகளை மெட்ரிக் முறைக்கு மாற்றி, வீட்டுக்கு ஏற்றபடி முழு எண்களாக்கினால் 100 கிராம் வேருக்கு 500 மில்லிலிட்டர் கொதிநீர் என்று வரும். நடுத்தண்டைக் கழித்த பிறகு 100 கிராம் நிற்க வேண்டும் என்பதால் 150 முதல் 200 கிராம் வரை வாங்கிக்கொள்ள வேண்டும். சர்க்கரை 700 கிராம் வீட்டில் இருந்தால் போதும். எவ்வளவு சேர்ப்பது என்பதை வடிகட்டிய பிறகுதான் தீர்மானிக்கிறோம். ஓர் எலுமிச்சம்பழம், அழுத்தமான மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரம் அல்லது அகன்ற வாயுள்ள ஃபிளாஸ்க், பழைய வெள்ளை வேட்டித் துணி, கண்ணாடிப் பாட்டில் ஆகியவை தவிர வேறு எதுவும் வேண்டியதில்லை. இரும்புச் சட்டியை மட்டும் இந்த வேலைக்கு எடுக்கக் கூடாது, ஏனெனில் வேரிலுள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் சாறு கருத்துப்போகும்.

வேரில் மண் கெட்டியாகப் பிடித்திருக்கும். பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு வைத்து, தேங்காய் நாராலோ மென்மையான தூரிகையாலோ தேய்த்து, மூன்று நான்கு தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும். கழுவும் நீரில் மணிக்கணக்காக ஊற விட்டால் மணமும் அதோடு வடிந்துவிடும். கழுவிய வேரை வெயிலில் காய வைக்காமல், துணியில் பரப்பி நிழலில் ஒரு நாள் உலர்த்த வேண்டும். பங்குனி வெயில் வற்றல் போடுவதற்கு எவ்வளவு உதவுமோ அவ்வளவு இந்த வேருக்குத் தீங்கு செய்யும்.

உலர்ந்த வேரை இரண்டு அங்குலத் துண்டுகளாக ஒடித்து, அம்மியில் வைத்துக் குழவியாலோ, தடித்த துணியில் சுற்றிச் சுத்தியலாலோ தட்டினால் பட்டை பிளந்து கழன்றுவிடும். மணமெல்லாம் பட்டையில்தான் இருக்கிறது. நடுத்தண்டு வெறும் மரக்குச்சி. அதைச் சேர்த்து ஊற வைத்தால் கெடுதல் இல்லை என்றாலும், எடைக்கணக்கு பொய்யாகி, பாகின் மணம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்துபோகும், மரச்சுவையும் சிறிது ஏறும். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது ஒன்றுதான். பட்டை மட்டும் சேர்ந்ததும், சுக்கு தட்டுவதுபோல் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ள வேண்டும். மிக்சியில் போடுகிறவர்கள் விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்றுகளோடு நிறுத்த வேண்டும். அரைபட அரைபட மிக்சி சூடாகி மணம் போவது ஒருபுறமிருக்க, மாவாக அரைத்த பட்டை துணியின் கண்களை அடைத்துக்கொண்டு வடியவே மறுக்கும், வடிந்த சாறும் கலங்கலாகவே நிற்கும்.

இடித்த பட்டையைப் பாத்திரத்தில் போட்டு, தளதளவென்று கொதிக்கும் நீரை அதன்மேல் ஊற்றி, உடனே மூடிவிட வேண்டும். அடுப்பின் வேலை இத்துடன் ஏறக்குறைய முடிந்தது. எவர்சில்வர் பாத்திரமானால் மூடியின்மேல் கனம் வைத்து, தடித்த துணியால் சுற்றி 4 மணி நேரம் அசையாமல் வைத்திருக்கலாம். நான் ஃபிளாஸ்கைப் பயன்படுத்துகிறேன். இரவு ஊற்றி வைத்தால் காலையில் எடுக்கலாம், சூடு தங்கியிருப்பதால் சாறும் நன்றாக இறங்கும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: வேரை வெறும் குளிர்ந்த நீரில் போட்டு இரவு முழுவதும் சமையலறையில் வைப்பது கோடைக்கு ஏற்றதன்று. சித்திரை இரவின் வெப்பத்தில் அந்த நீர் புளிக்கத் தொடங்கினால், அந்தப் புளிப்பை எத்தனை சர்க்கரை போட்டாலும் மறைக்க முடியாது.

ஊறிய நீரை நனைத்துப் பிழிந்த வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். கடைசிச் சொட்டுவரை வேண்டும் என்ற ஆசையில் துணியை முறுக்கிப் பிழிந்தால் வண்டலும் சேர்ந்து இறங்கும். மெல்ல அழுத்தினால் போதும். வடிந்ததை ஒரு கண்ணாடிச் சாடியில் ஊற்றி மூடி, குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்தால், அடியில் பழுப்பு வண்டல் ஒரு விரல்கடை படிந்திருக்கும். சாடியை அசைக்காமல் சாய்த்து மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ள வேண்டும். ஊற்றிய 500 மில்லிலிட்டரில் ஏறக்குறைய 350 கைக்கு வரும், மீதியை வேர் குடித்துவிட்டிருக்கும். பழைய பார்மகோபியாக் கணக்கிலும் இதே இழப்பு தெரிகிறது: 20 அவுன்ஸ் நீரில் தொடங்கி, சர்க்கரையைக் கழித்தால் 14 அவுன்ஸ்தான் பாகில் நிற்கிறது.

இப்போது சர்க்கரையின் அளவு. வடிநீரின் எடைக்கு இரு மடங்கு சர்க்கரை என்பது மேற்சொன்ன மூன்றில் இரண்டு பங்குக் கணக்கு. ஆனால் அது நீர் தாங்கக்கூடிய சர்க்கரையின் எல்லைக்கே வந்துவிடுவதால், குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும்போது பாட்டிலின் அடியில் கற்கண்டு கட்டத் தொடங்கும். அந்தக் காலத்து மருந்துச் சாலையில் குளிர்சாதனப் பெட்டி இல்லை, ஆகவே அவர்களுக்கு அந்தச் சிக்கலும் பெரிதாக இருந்திருக்காது. நான் 1.8 மடங்கோடு நிறுத்திக்கொள்கிறேன், அதாவது 350 கிராம் வடிநீருக்கு 630 கிராம் சர்க்கரை. எடை பார்க்கத் தராசு இல்லாதவர்கள் ஒரே தம்ளரால் வடிநீர் ஒரு தம்ளருக்குச் சர்க்கரை தலைதட்டி இரண்டு தம்ளர் என்று அளந்தால், ஏறத்தாழ இதே கணக்கு வந்துவிடும். இதைவிடக் குறைப்பது உடலுக்கு நல்லது என்று எண்ணி ஒன்றுக்கு ஒன்றாகப் போட்டால் பாகு சில நாட்களிலேயே நுரைத்துப் புளித்துப்போகும். இனிப்பைக் குறைக்க விரும்புகிறவர்கள் கலக்கும்போது பாகைக் குறைத்து ஊற்றிக்கொள்வதே வழி. நீரிழிவு உள்ளவர்கள் பாகு எடுக்காமல், வேர் ஊறிய நீரை எலுமிச்சையும் உப்பும் சேர்த்து அன்றன்றே குடித்துக்கொள்ளலாம்.

வெள்ளைச் சர்க்கரை என்றதும் முகம் சுளிப்பவர்கள் பலர். பனங்கற்கண்டிலும் நாட்டுச் சர்க்கரையிலும் பாகு எடுத்துப் பார்த்திருக்கிறேன். நாட்டுச் சர்க்கரையின் வெல்ல மணம் நன்னாரியைக் கீழே தள்ளிவிட்டு மேலே உட்கார்ந்துகொள்கிறது. கிடைப்பது நல்ல பானந்தான், ஆனால் பானகத்துக்கு நெருங்கிய உறவாகிவிடுகிறது. பனங்கற்கண்டு அவ்வளவு அடாவடி செய்வதில்லை. அதைப் பொடித்து, கரைத்தபின் தூசு இருந்தால் மீண்டும் வடிகட்டிக்கொண்டால், சற்று ஆழ்ந்த நிறத்தில் நல்ல பாகு வரும். நன்னாரியை மட்டும் கேட்க விரும்பும் நாக்குக்கு வெள்ளைச் சர்க்கரையே சரி.

கரைப்பதற்கு நேரடித் தீ வேண்டாம். ஓர் அகன்ற பாத்திரத்தில் நீரைக் கொதிக்க வைத்து, அதற்குள் வடிநீரும் சர்க்கரையும் உள்ள பாத்திரத்தை இறக்கி மூடி வைக்க வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை திறந்து கிளறிவிட்டு மீண்டும் மூட, கால் மணி முதல் அரை மணி நேரத்தில் சர்க்கரை முழுவதும் கரைந்துவிடும். கரைந்தபின் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை வடிகட்டிச் சேர்த்து, ஆவி எழும் சூட்டில் மேலும் ஐந்து நிமிடம் மூடியே வைத்து இறக்கலாம். அந்தப் புளிப்பு பின்னர் கற்கண்டு கட்டுவதைக் குறைக்கும். கம்பிப் பதம் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. பதம் பார்த்தே பழகிய கைகளுக்கு இது அரைகுறை வேலையாகத் தோன்றும், சூட்டில் பாகு நீர்த்தது போலவும் இருக்கும்; ஆறியபின் எண்ணெய் பதத்துக்கு வந்துவிடும். சர்க்கரையில் அழுக்கு இருந்து, பால் விட்டுக் கசடு எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், சர்க்கரையைச் சிறிது நீரில் தனியாகக் காய்ச்சி, கசடு நீக்கி, இரட்டைக் கம்பிப் பதம் வரும்போது இறக்கி, சூடு சற்றுத் தணிந்தபின் நன்னாரி வடிநீரை ஊற்றிக் கலக்கலாம். அந்த வகைப் பாகில் நீர் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதால் இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

பாகு ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. ஆறியபின் மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் கோத்திருக்கும். துடைத்து எறிந்துவிடக் கூடாத துளிகள் அவை, முகர்ந்து பார்த்தால் காரணம் தெரியும். அவற்றைப் பாகிலேயே வழித்துவிட்டு, அடிவரை நன்றாகக் கலக்க வேண்டும். கலக்காமல் விட்டால் பாகின் மேற்பரப்பில் நீர்த்த ஓர் அடுக்கு நின்று, பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும். சூடான பாகைப் பாட்டிலில் ஊற்றி உடனே மூடியதால் இரண்டாவது முறை நான் எடுத்த பாகு முழுவதும் அப்படித்தான் போயிற்று. பாட்டிலைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஒரு துளி ஈரமும் இல்லாமல் வெயிலில் உலர்த்தி, ஆறிய பாகை ஊற்ற வேண்டும். பெரிய பாட்டில் ஒன்றைவிடச் சிறிய பாட்டில்கள் மூன்று நல்லவை, ஒன்றைத் திறந்து தீர்க்கும்வரை மற்றவை காற்றுப்படாமல் இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் கோடை முடியும்வரை வைத்துக்கொள்ளலாம். வெளியே வைத்தால் ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நுரையோ, புளித்த வாடையோ, மேலே வெண்படலமோ கண்டால் மேற்பகுதியை மட்டும் எடுத்துப்போட்டு மீதியைக் காப்பாற்ற முயலாமல் முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

இந்த அளவில் கிடைக்கும் பாகு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும், தம்ளருக்கு 30 மில்லிலிட்டர் என்றால் இருபதுக்கும் மேற்பட்ட தம்ளர் சர்பத்துக்குக் காணும். அதன் நிறம் பால் சேராத தேநீர்போல் வெளிறியிருப்பதைக் கண்டு, வேர் சரியில்லையோ என்று ஐயப்பட வேண்டாம். கடைப் பாட்டில்களில் காணும் கருஞ்சிவப்பு பெரும்பாலும் சேர்க்கப்பட்ட நிறம் அல்லது கருக்கிய சர்க்கரை. நிறம் வேண்டும் என்று வற்புறுத்துகிறவர்கள் ஒரு கரண்டி சர்க்கரையைத் தனியே கருக்கிக் கரைத்துச் சேர்க்கலாம். மணத்துக்கு அது எதுவும் செய்வதில்லை, விருந்தினரின் மனநிறைவுக்குச் செய்கிறது.

கலப்பதில் ஒரு வரிசை உண்டு. முதலில் ஒரு தேக்கரண்டி சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டுக் கால் மணி நேரம் ஊற விட வேண்டும். தம்ளரில் அரை எலுமிச்சம்பழத்தின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, 30 மில்லிலிட்டர் பாகு ஆகியவற்றை விட்டு நன்றாகக் கலக்கி, பிறகு 180 மில்லிலிட்டர் பானைத் தண்ணீரை ஊற்றி, ஊறிய சப்ஜாவைச் சேர்க்க வேண்டும். எலுமிச்சையை விதை நசுங்கப் பிழிந்தால் கசப்பு இறங்கி நன்னாரியின் மென்மையைக் கெடுத்துவிடும். பனிக்கட்டி சேர்ப்பதாக இருந்தால் இரண்டு துண்டுகளோடு நிறுத்துவது நல்லது, ஏனெனில் மிகவும் குளிர்ந்த பானத்தில் மணம் எழுவதில்லை, இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியதை நாக்கு உணராமலே விழுங்கிவிடும். பானைத் தண்ணீரின் குளிர்ச்சியே இதற்குப் பொருத்தமானது. சோடா ஊற்றுகிறவர்கள் பாகையும் எலுமிச்சையையும் முன்பே கலந்துவிட்டு, சோடாவைக் கடைசியில் மெதுவாக விட வேண்டும்.

நுங்கு கிடைக்கும் நாட்களில் எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்து, தோல் நீக்கிய இரண்டு நுங்குகளைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போட்டால், நுங்குச் சாற்றின் இளம் இனிப்பும் நன்னாரியும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். அப்போது பாகையும் 20 மில்லிலிட்டராகக் குறைக்கலாம். பால் சர்பத்துக்கு எலுமிச்சையும் உப்பும் கூடாது, எலுமிச்சை பட்டால் பால் திரிந்துவிடும். சுண்டக் காய்ச்சி நன்றாகக் குளிர வைத்த பாலில் பாகை விட்டு, முந்தைய இரவே ஊற வைத்த பாதாம் பிசினை ஒரு கரண்டி சேர்த்தால், ஜிகர்தண்டாவின் பாதி வழியைக் கடந்துவிட்டோம். மீதிப் பாதியான பனிக்கூழை வீட்டில் செய்வது வேறு ஒரு நாளின் வேலை.

வடிகட்டிய பட்டைச் சக்கையில் மணம் இன்னும் மிச்சமிருக்கும். அதைச் சிறு துணியில் முடிந்து குடிநீர்ப் பானைக்குள் போட்டால் அன்று முழுவதும் தண்ணீர் மணக்கும். வெட்டிவேர் இருந்தால் அதையும் சேர்த்து முடியலாம். மாலையில் முடிச்சை எடுத்துவிட்டுப் பானையைக் கழுவி வைக்க வேண்டும், இரவு முழுவதும் ஊறினால் நீர் வழவழப்பாகிவிடும். பட்டை உரித்தபோது ஒதுக்கிய நடுத்தண்டுகளை அடுப்பெரிக்கிற வீடுகளில் அடுப்புக்கும், மற்ற வீடுகளில் செடித் தொட்டிக்கும் கொடுத்துவிடலாம்.